உங்களுக்குத் தெரியுமா? சாலையில் வாகனம், கடை வாசலில்?

சைக்கிளையும் ‘வண்டி’ என்று பிரிட்டனின் உள்ளாட்சிச் சட்டம் 1888-லேயே அறிவித்துவிட்டது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் போக்குவரத்துச் சட்டப்படியும் சைக்கிள் ஒரு வாகனம்தான்.

ஆனாலும், காரை விட்டு இறங்காமலே உணவு வாங்கும் ‘டிரைவ்-த்ரூ’ பாதையில் சைக்கிளில் போனால், பல கடைகள் திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பாதை கடையின் சொந்த இடம் என்பதால், பொதுச்சாலையில் உள்ள உரிமை அங்கே தானாக வந்துவிடாது. கார் மோதிவிடுமோ என்ற பயமும் உண்டு. தரைக்கடியில் புதைத்த உணர்கருவிக்குச் சைக்கிள் வந்து நிற்பது தெரியாமலும் போகலாம்.

2009-ல் ஓரிகனின் போர்ட்லாந்து நகரில் சைக்கிளில் வந்த ஒருவருக்கு ‘பர்கர்வில்’ உணவகத்தில் இப்படி மறுக்கப்பட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. அந்த நிறுவனம் தன் விதியை மாற்றி, சைக்கிளில் வருவோருக்கும் ஜன்னலைத் திறந்துவிட்டது.