குருதியும் இரும்பும் தேநீர்க் கோப்பையும்



எமது மலையகத்தில் பாடசாலைக்குச் செல்வதென்றால் படியேற வேண்டும். கடைக்குச் செல்வதென்றாலும் மேட்டில் ஏறி இறங்கவே வேண்டும். அவ்வாறு ஏறும்போது பாதி வழியில் மூச்சு வாங்க நின்றுவிடும் பிள்ளைகளை நாம் காண்கிறோம். வகுப்பில் முதல் பாடவேளையிலேயே அவர்களுக்குத் தூக்கம் வருகிறது. மாலையில் புத்தகத்தைத் திறந்தால் தலை வலிக்கிறது. முகம் வெளிறியிருக்கிறது. இத்தகைய பிள்ளையைப் பெரும்பாலான வீடுகளில் எப்படி அழைக்கிறார்கள்? "சோம்பேறி" என்கிறார்கள். அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன், அப்பிள்ளையின் உடலினுள்ளே என்ன நிகழ்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். உயிரியல் என்பது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடமன்று. எம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட உடலைப் பற்றிய அறிவும் அதுவே.

குருதியின் பயணம்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் குருதி இருக்கிறது. ஓய்வாக அமர்ந்திருக்கும் வேளையில் இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் குருதியின் அளவும் ஏறத்தாழ ஐந்து லீற்றரேயாகும். அதாவது, உடலின் முழுக் குருதிக்கும் ஈடான அளவு ஒவ்வொரு நிமிடமும் இதயத்தின் வழியே சென்று வருகிறது. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் குருதி அங்கே காற்றிலுள்ள ஒட்சிசனைப் பெற்றுக்கொண்டு இதயத்தின் இடப்பக்கத்துக்கு வருகிறது. அங்கிருந்து தலை முதல் கால்வரை அனுப்பப்படுகிறது.

இந்த நுரையீரல் வழியை முதன்முதலில் தெளிவாக எழுதி வைத்தவர், டமஸ்கஸ் நகரில் கல்வி கற்று கெய்ரோவில் வைத்தியராக விளங்கிய இப்னு அந்நபீஸ் என்பவராவார். 1288 ஆம் ஆண்டு காலமான அவர், இதயத்தின் வலது, இடது அறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் துவாரம் எதுவும் இல்லை என்றும், ஆதலால் குருதி நுரையீரலைச் சுற்றியே மறுபக்கம் வரவேண்டும் என்றும் விளக்கினார். வில்லியம் ஹார்வி குருதிச் சுற்றோட்டம் முழுவதையும் விளக்கி நூல் வெளியிட்டது 1628 ஆம் ஆண்டிலாகும். இப்னு அந்நபீஸின் விளக்கம் நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1924 இல் பேர்லின் நகரில் இருந்த ஒரு கையெழுத்துப் பிரதியிலிருந்து மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. பரம்பரை பரம்பரையாகச் சொல்லப்பட்ட கருத்தாயினும் ஆராய்ந்து பார்த்தே ஏற்க வேண்டும் என்பதே அவரது வாழ்வு மாணவருக்குத் தரும் பாடமாகும்.

இரும்பு ஏன் தேவைப்படுகிறது?

குருதி வெறும் நீராக இருந்தால் ஒரு லீற்றரில் மூன்று மில்லிலீற்றர் அளவு ஒட்சிசனையே அதனால் சுமக்க முடியும். ஆனால் சுகதேகி ஒருவரின் ஒரு லீற்றர் குருதி ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கிறது. இந்தப் பெரும் வேறுபாட்டுக்குக் காரணம், செங்குழியங்களில் இருக்கும் ஈமோகுளோபின் என்னும் புரதமாகும். குருதிக்குச் செந்நிறத்தைத் தருவதும் அதுவே.

ஒரு மனித உடலில் ஏறத்தாழ 25 இலட்சம் கோடி செங்குழியங்கள் உள்ளன. ஒவ்வொரு செங்குழியத்திலும் ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. ஒட்சிசனைப் பிடித்து வைத்து, தேவையான இடத்தில் விட்டுவிடுவது அந்த இரும்பு அணுவேயாகும். ஒரு செங்குழியத்தின் ஆயுள் 120 நாட்கள் மட்டுமே. ஆதலால் என்பு மச்சையானது ஒவ்வொரு வினாடியும் 20 இலட்சத்துக்கும் அதிகமான புதிய செங்குழியங்களை உருவாக்கிக் கொண்டேயிருக்க வேண்டும்.

இத்துணை பெரிய வேலைக்குத் தேவையான இரும்பு உடலில் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? மொத்தமாக மூன்று அல்லது நான்கு கிராம் மட்டுமே! ஒரு சிறிய ஆணியின் நிறை. அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவு குருதியிலேயே இருக்கிறது. உடல் இந்தச் செல்வத்தை வீணாக்குவதில்லை. ஆயுள் முடிந்த செங்குழியங்களை மண்ணீரலும் ஈரலும் உடைத்து, அவற்றின் இரும்பை மீண்டும் என்பு மச்சைக்கு அனுப்பிவிடுகின்றன. நாளொன்றுக்கு இழக்கப்படும் ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராமை உணவிலிருந்து ஈடுசெய்தால் போதுமானது.

ஆனால் பருவமடைந்த பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மாறுபடுகிறது. ஒரு மில்லிலீற்றர் குருதியோடு ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. ஒரு மாதவிடாயில் 30 முதல் 40 மில்லிலீற்றர் குருதி இழக்கப்படுமாயின், 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு மேலதிகமாகச் செலவாகிறது. அத்துடன் உடலும் வளர்கின்ற பருவம் அது. வரவு குறைந்து செலவு கூடினால் சேமிப்புக் கரைவது போல, முதலில் ஈரலில் உள்ள இரும்புச் சேமிப்புக் கரைகிறது. அதன் பின்னரே ஈமோகுளோபின் குறைகிறது. இதனையே இரும்புச்சத்துக் குறைபாட்டினால் வரும் குருதிச்சோகை என்கிறோம்.

ஹட்டன், டிக்கோயாப் பிரதேசம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4000 அடி உயரத்தில் அமைந்துள்ளது. கரையோரத்தோடு ஒப்பிடும்போது இங்கே ஒரு மூச்சில் உள்ளே செல்லும் ஒட்சிசன் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவானது. சுகதேகிக்கு இது பொருட்டன்று. ஆனால் குருதியில் சுமப்பவரும் குறைந்து, ஏற வேண்டிய மேடும் செங்குத்தாக இருந்தால், பாதி வழியில் நிற்பதைத் தவிர அப்பிள்ளை வேறென்ன செய்யும்?

தேயிலையும் இரும்பும்

எமது பிரதேசத்தின் வாழ்வு தேயிலையோடு பிணைந்தது. காலையில் ரொட்டியும் சம்பலும் உண்டால் கூடவே பிளேன்டீ. பகலில் சோறும் பருப்பும் உண்டால் உடனே பிளேன்டீ. இங்குதான் நாம் அறிய வேண்டிய முக்கிய விடயம் உள்ளது.

உணவிலுள்ள இரும்பு இருவகைப்படும். இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பின் ஒரு பகுதி ஈமோகுளோபினோடு சேர்ந்த வடிவில் இருப்பதால் குடல் அதனை எளிதில் உறிஞ்சுகிறது. பருப்பு, கீரை, மாவு, சோறு ஆகியவற்றில் உள்ள இரும்போ எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. தேயிலையிலுள்ள தனின் போன்ற துவர்ப்புப் பொருட்கள் இந்த இரண்டாம் வகை இரும்போடு சேர்ந்து கரையாத பொருளாகி விடுகின்றன. கரையாத பொருளைக் குடல் உறிஞ்சாது. அது மலத்தோடு வெளியேறிவிடும். தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் 1975 இல் இதனை மனிதர்களிடமே அளந்து வெளியிட்டனர். 1983 இல் வெளியான இன்னோர் ஆய்வில், உணவோடு தேநீர் அருந்தியபோது இரும்பு உறிஞ்சப்படுவது நூற்றுக்கு 64 வீதமும், கோப்பி அருந்தியபோது 39 வீதமும் குறைந்ததாகக் காணப்பட்டது.

தேநீர் நஞ்சு என்பதா இதன் கருத்து? இல்லை. எமது ஊரின் உழைப்பில் விளைந்த பானத்தைப் பழிக்க வேண்டியதில்லை. பிழை கோப்பையில் இல்லை. அதனை அருந்தும் நேரத்திலேயே உள்ளது. 2017 இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்று, உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணித்தியாலம் விட்டால் அந்தத் தீங்கு குறைகிறது என்று காட்டியது.

தோட்டத்துச் சகோதரிகள் சொல்லும் சான்று

குருதிச்சோகைக்கும் சோம்பலுக்கும் உள்ள வேறுபாட்டை உலகுக்கு உணர்த்திய ஆய்வொன்று எமது நாட்டின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே தான் நடைபெற்றது. அமெரிக்க ஆய்வாளர்களும் இலங்கை வைத்தியப் பேராசிரியர் பிரையன் செனவிரத்ன அவர்களும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வு, 1979 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. தொழிலாளரில் ஒரு சாராருக்கு இரும்புச்சத்து மாத்திரையும், மறு சாராருக்குச் சத்தில்லாத போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. அவர்கள் நாளொன்றுக்குப் பறிக்கும் கொழுந்தின் அளவும் நிறுத்துப் பார்க்கப்பட்டது. ஒரு மாதத்தின் பின்னர், இரும்புச்சத்தினால் ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் முன்னரைவிட அதிகக் கொழுந்து பறித்தனர். யாருக்குக் குருதி மிகக் குறைவாக இருந்ததோ அவரிடமே முன்னேற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. வேலை நேரத்தில் மட்டுமன்றி, நாளாந்த வாழ்விலும் அவர்கள் கூடுதலாக நடமாடினர்.

சிந்தித்துப் பாருங்கள்! அந்தச் சகோதரிகளை யாரும் அதட்டவில்லை, உபதேசம் செய்யவுமில்லை. குறைவாக இருந்த சத்து கிடைத்தது. கை தானாகவே வேகமாக இயங்கியது. கொழுந்து பறிக்கும் கைக்கு உண்மையாவது, பேனா பிடிக்கும் கைக்கும் உண்மையாகும்.

வேறு காரணங்களும் உண்டு

குடலில் ஒட்டிக் குருதி உறிஞ்சும் கொழுக்கிப்புழு, வெறுங்காலோடு நடப்போரின் பாதத்தோலைத் துளைத்து உடலினுள் புகுகிறது. இலங்கைத் தோட்டங்களில் இதனை ஒழிப்பதற்கென ரொக்பெல்லர் மன்றம் 1916 இலேயே ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. மலசலகூடத்தைப் பயன்படுத்துவதும், செருப்பு அணிவதும், வைத்தியர் கூறும் காலத்தில் பூச்சி மருந்து எடுப்பதும் இன்றைக்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குருதி குறைந்த எல்லோருக்கும் இரும்பு குறைவு என்று கொள்ளக்கூடாது. தலசீமியா என்பது பரம்பரையாக வரும் நோய். அதன் காவிகளாக இருப்போருக்கும் ஈமோகுளோபின் சற்றுக் குறைந்து காணப்படலாம். ஆனால் இரும்பு போதியளவு இருக்கக்கூடும். காவிகளான இருவர் மணம் முடித்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடும் தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. நெருங்கிய உறவில் மணம் பேசும் குடும்பங்கள், நிக்காஹ்வுக்கு முன்னரே இருவரின் குருதியையும் பரிசோதிப்பது நன்று.

ஆகவே களைப்பு, மூச்சு வாங்குதல், நெஞ்சுப் படபடப்பு, வெளிறிய கண்ணிமை, மண் அல்லது பச்சை அரிசி தின்னும் ஆசை ஆகியன தென்பட்டால், கடையில் மாத்திரை வாங்குவதற்கு முன் வைத்தியரிடம் செல்லுங்கள். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளை நாடலாம். உலக சுகாதார நிறுவனம் 12 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் கர்ப்பமில்லாத பெண்களுக்கும் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராம் ஈமோகுளோபினையும், வளர்ந்த ஆண்களுக்கு 13 கிராமையும் எல்லையாக வகுத்துள்ளது. எம்மைப் போல உயரத்தில் வாழ்வோருக்கு அந்த எல்லையைச் சற்று உயர்த்திக் கணிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

முதலாவது, சாப்பாட்டையும் தேநீரையும் பிரித்து வையுங்கள். இடையே குறைந்தது ஒரு மணித்தியாலம் செல்லட்டும். அதற்கும் கூடுதலாயின் மேலும் நன்று. ரொட்டியோடு சுடுநீரோ சாதாரண நீரோ போதும்.

இரண்டாவது, பருப்பிலும் கீரையிலும் பரிமாறும் வேளையில் தேசிக்காய் பிழியுங்கள். உணவுக்குப் பின் ஒரு கொய்யாப்பழம் கொடுங்கள். விற்றமின் சீ, தாவர உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சத்தக்க வடிவத்துக்கு மாற்றுகிறது. அதிக நேரம் கொதித்தால் அச்சத்து அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, இயன்ற நாட்களில் சிறு துண்டு ஈரலோ, இறைச்சியோ, நெத்தலியோ உணவில் சேருங்கள். சிறிதளவாயினும் அது கூடவுள்ள பருப்பின் இரும்பையும் உறிஞ்சச் செய்கிறது. கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை வைத்தியரிடம் கேட்டே உண்ண வேண்டும். வீட்டில் இறைச்சி சமைத்தால் நல்ல துண்டுகள் ஆண்பிள்ளைகளுக்கே செல்லும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. மேலே கண்ட கணக்கின்படி, இரும்பு அதிகம் தேவைப்படுபவள் பெண்பிள்ளையே.

நான்காவது, றமழான் காலத்தில் கவனம் தேவை. நோன்பு திறந்து கஞ்சி குடித்தவுடன் தேநீர் அருந்தாமல், தராவீஹ் தொழுகைக்குப் பின் அருந்தலாம். ஸஹர் உணவோடு தேநீரைத் தவிர்ப்பது சிறந்தது. பேரீத்தம்பழம் சிறந்த உணவே. எனினும் 100 கிராமில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இரும்பே உள்ளது. அதனை மட்டும் நம்பி, குருதிச்சோகைக்கு மருந்து எடுக்காமல் இருந்துவிடக் கூடாது.

ஐந்தாவது, பாடசாலையிலோ கிளினிக்கிலோ தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல் நீரோடு விழுங்குங்கள். மலம் கறுப்பாகப் போவது கண்டு அஞ்ச வேண்டாம். களைப்புத் தீர்ந்தவுடன் நிறுத்தாமல், கரைந்த சேமிப்பு நிறையும் வரை, வைத்தியர் சொன்ன காலம் முழுவதும் எடுங்கள். சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் அம்மாத்திரையை வையுங்கள்; அளவு மீறினால் அது குழந்தையின் உயிரையே பறிக்கக்கூடும்.

அன்பான மாணவர்களே! நீங்கள் விஞ்ஞான பாடத்தில் படிக்கும் செங்குழியத்தின் படம் உங்கள் உம்மாவின் உடலிலும் சகோதரியின் உடலிலும் ஓடிக்கொண்டிருப்பதன் படமாகும். படித்ததை இன்றிரவு வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். தோட்டத்திலுள்ள உங்கள் நண்பர்களின் வீடுகளுக்கும் எடுத்துச் செல்லுங்கள். குருதியின் சட்டம் எல்லோருக்கும் ஒன்றே.

அன்பான பெற்றோர்களே! மேட்டில் மூச்சு வாங்க நிற்கும் பிள்ளையை இனி ஏசாதீர்கள். முதலில் அப்பிள்ளையின் கீழ் இமையைத் தாழ்த்தி, அதன் உட்புறம் சிவந்திருக்கிறதா, வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிறியிருந்தால் காலம் தாழ்த்தாது குருதியைப் பரிசோதியுங்கள்.