கடல்கொண்ட நகரங்களும் கேட்கவேண்டிய வினாக்களும்

நுழையும்முன்

மறைந்துபோன நகரங்களைப் பற்றிய தொலைக்காட்சி ஆவணப்படங்கள் சிறியோர், பெரியோர் அனைவரையும் ஈர்க்கின்றன. அவற்றைச் சுவைத்துக் காண்பதோடு, அவை கூறுவனவற்றை ஆராய்ந்து ஏற்கவும் பழகுதல் வேண்டும். பூம்புகார், குமரிக்கண்டம், முசிறி ஆகிய மூன்றையும் சான்றாகக் கொண்டு அதனை விளக்குகிறது இப்பாடம்.

மிளகு மணக்கும் தெரு

கொச்சியின் மட்டாஞ்சேரியில், 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக் கூடம் உள்ளது. அதனை ஒட்டிய தெருக்களின் பழைய பண்டகசாலைகளில் இன்றும் மிளகும் சுக்கும் ஏலக்காயும் மணக்கின்றன. பிழைப்புத் தேடி இப்பகுதிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்து வருகின்றன.

இத்தகைய வீடொன்றில், இரவுநேரத் தொலைக்காட்சியில் கடலடி நகரத்தைப் பற்றிய படம் தொடங்குகிறது எனக் கொள்வோம். வீட்டுப்பாடம் ஒருபுறம் காத்திருக்கும். குடும்பமே திரைமுன் கூடிவிடும். நீலக் கடலுக்குள் முக்குளிப்போர் இறங்குகின்றனர். இசை உயர்கிறது. பாசி படர்ந்த கல்லொன்று விளக்கொளியில் தோன்றுகிறது. "இதுதான் உலகின் முதல் நாகரிகமா?" என்று ஒரு குரல் கேட்கிறது.

இந்த வியப்பில் தவறேதும் இல்லை. தொல்லியலின்மீது பலருக்கும் ஆர்வம் பிறப்பது இத்தகைய வியப்பினால்தான். ஆயினும் அக்குரல் ஒரு செய்தியைக் கூறவில்லை. வினா மட்டுமே எழுப்பியது என்பதைக் கருதவேண்டும். வினாவாகக் கூறிவிட்டால் சான்று காட்டவேண்டிய கடமை இல்லை. காண்போரின் மனமோ அதனை விடையாகவே ஏற்றுக்கொள்கிறது.

பூம்புகாரின் கடலடிக் கல்

கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம் 1990களில் பூம்புகார்க் கடற்பகுதியில் ஆய்வு மேற்கொண்டது. கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரைலாட வடிவிலான அமைப்பொன்று கண்டறியப்பட்டது. 2002ஆம் ஆண்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தொடரில், எழுத்தாளர் கிரகாம் ஹான்காக் இவ்வமைப்பைக் காட்டினார். இது 11,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நாகரிகத்தின் எச்சமாகலாம் என்பது அவர் கருத்து.

அவர் அவ்வாறு கணித்தது எங்ஙனம்? பனியூழிக் காலத்தின் இறுதியில் கடல்மட்டம் படிப்படியாக உயர்ந்தது. இன்று 23 மீட்டர் ஆழத்திலுள்ள பகுதி, ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் நிலமாக இருந்திருக்கும். ஆகவே, அங்குள்ள கட்டடமும் அக்காலத்தது என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தில் கணிக்கப்பட்டது நீரின் காலமே. கல்லின் காலம் அன்று. அவ்வமைப்பு மனிதர் கட்டியதுதானா, இயற்கையாய் அமைந்த பாறையா என்பது முதலில் தெளிவாகவேண்டும். கட்டியதே என்றாலும், ஆற்று முகத்துவாரத்து நிலம் பின்னாளில் தாழ்ந்திருக்கலாம், கரை அரிக்கப்பட்டிருக்கலாம். அத்தனை பழமையான பானையோடோ கருவியோ அங்குக் கிடைக்கவில்லை. மாறாக, பூம்புகாரை அடுத்த கீழையூரில் நிலத்தை அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. அங்கிருந்த மரத்தூணின் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு எனக் கரிமப் பகுப்பாய்வு காட்டுகிறது. இது திரையில் மின்னாத செய்தி, ஆயினும் உறுதியானது.

குமரிக்கண்டம் என்னும் எண்ணம்

1864ஆம் ஆண்டில் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர் விலங்குகளை ஆராய்ந்தார். அவற்றோடு உறவுடைய விலங்குகள் இந்தியாவிலும் இருந்தமையால், இரண்டையும் இணைத்த நிலப்பரப்பு ஒன்று கடலில் மூழ்கியிருக்கவேண்டும் எனக் கருதினார். அதற்கு 'லெமூரியா' எனப் பெயரிட்டார். அக்கால அறிவியலுக்கு அது பொருத்தமான கருத்தே. பழந்தமிழ் நூல்களும் கடல்கோளைக் குறிப்பிடுவதால், தமிழறிஞர் சிலர் இரண்டையும் இணைத்துக் குமரிக்கண்டம் என்றனர்.

பின்னர் அறிவியல் வளர்ந்தது. 1912ஆம் ஆண்டில் ஆல்பிரட் வெஜினர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். 1960களில் அக்கருத்து உறுதிப்பட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தவை. ஏறத்தாழ 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. இன்றைய மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. எனவே மூழ்கிய கண்டமும் இல்லை. அதில் வாழ்ந்த மக்களும் இல்லை.

எனினும் கடல்கோள் பற்றிய செய்தி முழுவதும் கற்பனை எனத் தள்ளிவிடவும் இயலாது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அப்போது தமிழகமும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. கரையோர நிலங்களைக் கடல் கொண்டது உண்மை. கண்டம் ஒன்றைக் கொண்டது என்பதே பிழை.

கொச்சியின் அண்டையில் முசிறி

மட்டாஞ்சேரியின் மிளகு வணிகத்திற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட முன்கதை உண்டு. சேரநாட்டுத் துறைமுகமாகிய முசிறியைச் சங்க இலக்கியமும் ரோமானியர் பிளினியின் நூலும் குறிப்பிடுகின்றன. முசிறியிலிருந்து சரக்கு கொண்டுசென்ற ஒரு கப்பலைப் பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பாப்பிரஸ் ஆவணம் வியன்னாவில் உள்ளது.

கொச்சிக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பட்டணம் என்னும் சிற்றூரில், கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் 2007ஆம் ஆண்டில் அகழாய்வைத் தொடங்கியது. மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகள், கண்ணாடி மணிகள், மிளகு, தமிழ் பிராமி பொறித்த பானையோடுகள், ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள குடைமர ஓடம் ஆகியவை கிடைத்தன.

ஆயினும் பட்டணமே முசிறி என்பதைச் சில வரலாற்றறிஞர் ஏற்கவில்லை. 'முசிறி' எனப் பொறித்த ஓடு எதுவும் அங்குக் கிடைக்கவில்லை. நமக்கு உவப்பான முடிவையும் இவ்வாறு ஐயுற்று நோக்குவதே ஆராய்ச்சியின் நேர்மையாகும்.

1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளத்தால் முசிறி ஒரே இரவில் அழிந்தது என்றும் கூறப்படுவதுண்டு. கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து, கொச்சித் துறை வளர்ந்ததற்கு அவ்வெள்ளம் காரணமாகக் கருதப்படுகிறது. ஆனால் பட்டணத்தில் ரோமானியத் தொடர்புடைய பொருள்கள் கி.பி. 5ஆம் நூற்றாண்டுக்குப் பின் அருகிவிடுகின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தேய்ந்த வணிகத்தை 1341இன் வெள்ளம் அழித்திருக்க இயலாது. நகரங்கள் பெரும்பாலும் மெல்லத் தேய்கின்றன. திரைப்படத்திற்கோ ஒரே இரவு வேண்டும்.

மூன்று வினாக்கள்

ஆவணப்படத்தைக் காண்போர் மூன்று வினாக்களை மனத்தில் கொள்ளலாம். கண்டெடுத்த பொருள் எது? அதன் காலத்தை எவ்வாறு கணித்தனர்? வேறு விளக்கம் இருக்க இயலுமா? இவற்றைக் கேட்பதனால் படத்தின் சுவை குன்றுவதில்லை. துப்பறியும் கதையைப் போல அது மேலும் கூடுகிறது.

பிறமொழி பேசுவோர் நடுவே வாழும் தமிழ்ச் சிறுவருக்கு இப்பழக்கம் மிகவும் தேவை. "எங்கள் மொழி மூழ்கிய கண்டத்தில் பிறந்தது" என்று கூறும் மாணவரிடம், "சான்று என்ன?" என்று வகுப்புத் தோழர் கேட்டால் விடை இராது. ஒரு பொய் வெளிப்பட்டபின், அவர் கூறும் மெய்யையும் பிறர் ஐயுறுவர். பட்டணத்து மிளகையும் வியன்னாவின் ஆவணத்தையும் அறிந்த மாணவரோ தயங்காமல் விடை கூறுவார். சான்றோடு கூடிய பெருமையே நிலைத்து நிற்கும்.

அருஞ்சொற்பொருள்

கடல்கோள் – கடல் நிலத்தைக் கொள்ளுதல்
முக்குளிப்போர் – நீரில் மூழ்கித் தேடுவோர்
பண்டகசாலை – சரக்குகளைச் சேமிக்கும் இடம்
எச்சம் – எஞ்சியிருப்பது
தூர்தல் – மண் சேர்ந்து அடைபடுதல்

பயிற்சி

1. பூம்புகாரில் கணிக்கப்பட்டது "நீரின் காலமே, கல்லின் காலம் அன்று" – விளக்குக.
2. கடல்கோள் பற்றிய செய்தியில் மெய் எது? பிழை எது?
3. முசிறி 1341இல் அழிந்தது என்னும் கூற்றை மறுக்கும் சான்று யாது?
4. ஆவணப்படம் ஒன்றைக் கண்டு, அதில் வந்த கூற்றுகளைச் சான்றுடையவை, சான்றற்றவை, வினாவாக மட்டும் வந்தவை எனப் பட்டியலிடுக.