பார்க்கர் விடுதியின் ஆவிகளும் சாலேமின் சாட்சியும்

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரின் நடுவே, பள்ளித் தெரு என்னும் பொருள்பட ஸ்கூல் ஸ்ட்ரீட் என வழங்கும் வீதியில் பார்க்கர் ஹவுஸ் என்ற தங்கும் விடுதி உள்ளது. ஹார்வி பார்க்கர் என்பவர் 1855 இல் இதைத் தொடங்கினார். அங்குச் செல்வோரிடம் பரிமாறப்படும் செய்திகளுள் ஆவிக் கதைகளும் உண்டு. 1884 இல் மறைந்த பார்க்கர் பத்தாம் மாடியில் உலவி, விருந்தினரின் நலம் விசாரிக்கிறாராம். மின்தூக்கி, அழைப்பார் இன்றியே மூன்றாம் மாடியில் நிற்கிறதாம். நடிகை சார்லட் குஷ்மன் 1876 இல் இவ்விடுதியில் இறந்தார் என்பது மெய்யே. அக்கதைக்கு அதையே காரணமாகக் காட்டுகின்றனர்.

இன்றுள்ள கட்டடத்தின் பெரும்பகுதி 1927 இல் எழுந்தது. பார்க்கர் உலவுவதாகக் கூறப்படும் தளத்தில் அவர் உயிரோடிருந்தபோது ஒருநாளும் கால் வைத்திருக்க முடியாது. இதனைக் கூறி நகைத்து விட்டுவிடலாம். ஆயினும் இறையியல் மாணவனுக்கு அந்தத் தெருமுனை நகைப்புக்கு மேற்பட்டதொன்றைக் கற்பிக்கிறது.

விடுதியை அடுத்திருப்பது டிரெமண்ட் டெம்பிள் என்னும் பாப்திஸ்து ஆலயம். 1867 டிசம்பர் 2 ஆம் நாள், அவ்விடத்திலிருந்த முந்தைய மண்டபத்தில், பார்க்கர் விடுதியில் தங்கியிருந்த சார்லஸ் டிக்கன்ஸ் தம் கிறிஸ்துமஸ் கதையைப் பெருங்கூட்டத்தின்முன் வாசித்தார். இறந்த கூட்டாளியின் ஆவி வந்து கருமியை எச்சரிக்கும் கதை அது. செத்தவர் மீண்டு வருவதில்லை எனப் போதித்த சபையாரின் மண்டபத்தில் அது மகிழ்ச்சியோடு கேட்கப்பட்டது. கதையென்று அறிந்து கேட்டதால் தீங்கில்லை.

இடைக்காலத் திருச்சபையில் ஆவிகளுக்கு ஓர் இடம் வகுக்கப்பட்டிருந்தது. உத்தரிக்கும் தலத்திலுள்ள ஆன்மா, ஜெபமும் பூசையும் வேண்டி உறவினரிடம் வரும் என நம்பினர். சீர்திருத்தக்காரர் உத்தரிக்கும் தலத்தை மறுத்தபோது, வருவதற்கு ஆன்மாவுக்கு வழியின்றிப் போயிற்று. ஆனால் மக்கள் காண்பது நிற்கவில்லை. சூரிச் நகரப் போதகர் லூட்விக் லாவாட்டர் 1569 இல் இதைப்பற்றி ஒரு நூலே எழுதினார். மனச்சோர்வு, பொறிகளின் மயக்கம், வஞ்சகர் செய்யும் சூது ஆகியவற்றைக் கழித்தபின் எஞ்சுவது இறந்தவரன்று. சில வேளை தேவதூதர், பெரும்பாலும் பிசாசின் வேடம் என்றார். எனவே புராட்டஸ்டண்டார் ஆவியை ஒழித்துவிடவில்லை. அதன் பெயரையே மாற்றினர். இந்த மாற்றத்தின் விலை பின்னர்த் தெரியவந்தது.

பாஸ்டனுக்கு வடக்கே, மெல்கிசேதேக்கின் ஊர்ப்பெயரைத் தாங்கிய சாலேமில், 1692 இல் சூனிய வழக்குகள் நடந்தன. இன்னாருடைய உருவம் இரவில் வந்து எம்மை வாதித்தது எனச் சிலர் கதறினர். அவ்வுருவத்தைப் பிறர் எவரும் கண்டிலர். எனினும் நீதிமன்றம் அதனைச் சான்றாக ஏற்றது. குற்றமற்றவரின் உருவைப் பிசாசு எடுக்கக் கடவுள் இடங்கொடார் என்பதே அதற்கு ஆதாரமான கொள்கை. பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். வழக்காட மறுத்த முதியவர் ஒருவர் கற்களால் அழுத்திக் கொல்லப்பட்டார்.

பாஸ்டன் போதகர் இன்க்ரீஸ் மேதர் அவ்வாண்டு அக்டோபரில் இக்கொள்கையை மறுத்து எழுதினார். சூனியம் உண்டென்பதை அவர் ஐயுறவில்லை. எந்தோரில் பிசாசு சாமுவேலின் உருவையே எடுத்தது என அவர் 1 சாமுவேல் 28 க்குப் பொருள் கொண்டார். தீர்க்கதரிசியின் உருவை எடுக்கக்கூடியவன் ஓர் ஏழை விதவையின் உருவை எடுக்கமாட்டானோ? ஆகவே தோற்றத்தைக் கொண்டு எவரையும் தண்டிக்கலாகாது. அவ்வதிகாரத்தில் வந்தவர் உண்மையான சாமுவேலே என்று கொள்வோர் இன்றும் பலர். நாமும் அப்பக்கமே சாய்கிறோம். எனினும் மேதரின் விளக்கம் உயிர்களைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. அம்மாத இறுதியில் ஆளுநர் அந்நீதிமன்றத்தைக் கலைத்தார்.

சீடரும் ஒருமுறை இவ்வாறே மயங்கினர். கடல்மேல் நடந்துவந்த ஆண்டவரைக் கண்டு அவர்கள் அலறியபோது கூறிய சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு ‘ஆவேசம்’ என்கிறது (மத்தேயு 14:26). உயிர்த்தெழுந்தபின் அதே ஐயம் எழவே, ஆண்டவர் தம் கைகளையும் கால்களையும் காட்டி, தொட்டுப் பார்க்கச் சொல்லி, மீனை வாங்கிப் புசித்தார் (லூக்கா 24). கண்டதாகக் கூறுவோரை அவர் பழிக்கவில்லை. சோதித்துப் பார்க்க இடங்கொடுத்தார். துக்க வீட்டில், ‘அம்மாவை நேற்றிரவு கண்டேன்’ என்பவரிடம் ஆயன் நடந்துகொள்ள வேண்டிய முறையும் இதற்கு அணித்தானதே.

சாலேம் நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சூவல், 1697 ஜனவரியில் பாஸ்டன் தென்சபையின் ஆராதனையில் எழுந்து நின்றார். தம் குற்றத்தையும் வெட்கத்தையும் அறிக்கையிட்டு அவர் எழுதிய தாளைப் போதகர் வாசித்தார். அதன்பின் தம் வாழ்நாளெல்லாம் ஆண்டுக்கொருநாள் அவர் உபவாசமிருந்தார். பார்க்கர் விடுதியின் வாயிலிலிருந்து சில நிமிட நடையில் உள்ள கிரானரி கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.