மோட்டாரைத் தூக்க ஜாக்கி வாங்கப் போகிறீர்களா?

விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடும் நமக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. அதுதான் நம் கால். வண்டி படுத்துவிட்டால் அன்றைய சம்பளமும் படுத்துவிடும். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் 6 நாள் வேலை செய்பவருக்கு அது நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. செயின் இறுக்கவும் பிரேக் துடைக்கவும் ஒவ்வொரு தடவையும் பட்டறைக்குப் போனால் இந்தச் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? அதனால்தான் நம்மில் பலர் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஸ்பேனரைக் கையில் எடுக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் வண்டியைத் தூக்கி நிறுத்தும் விதம் தெரியாமல் தொடங்கினால், மிச்சப்படுத்திய காசு ஆஸ்பத்திரியில் போய்விடும்.

நம் அஞ்சடியில் நடந்தது

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. நாமே பட்டதைத்தான் சொல்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின் டயரைக் கழற்ற வேண்டியிருந்தது. செம்பனைக் காட்டுச் சேற்றில் இடிக்கிறதென்று நடு ஸ்டாண்டை எப்போதோ கழற்றி விறகுக் கொட்டகையில் போட்டிருந்தோம். இரவல் வாங்கிய கார் ஜாக்கியை எஞ்சினுக்கு அடியில் வைத்துத் திருகினோம். சக்கரம் தரையை விட்டு எழும்பியது. 'பரவாயில்லையே' என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டோம். இறுகிக் கிடந்த அச்சு நட்டை ஸ்பேனரால் எக்கி இழுத்ததுதான் தாமதம், வண்டி அப்படியே சாய்ந்து சுவரோரம் விழுந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை அந்தச் சுவரோரத்தில்தான் வீட்டுச் சின்னது உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்ததால் தட்டு மட்டும் நசுங்கியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, மோட்டாரு செஞ்சவன் அதுக்கு ரெண்டு காலு வச்சுத்தானே குடுத்தான்? அதக் கழட்டி வெறகுக் கொட்டாயில போட்டுட்டு ஒத்தக் கால்ல நிக்க வச்சா எப்படிப்பா நிக்கும்?"

அந்தக் கேள்வியில்தான் பாடம் முழுவதும் இருக்கிறது.

முதல் ஜாக்கி வண்டியிலேயே இருக்கிறது

ஹோண்டா சி70 காலத்திலிருந்து இஎக்ஸ்5 வரை நாம் ஓட்டிய கப்சாய் வண்டிகளுக்கு நடு ஸ்டாண்டு உண்டு. அதைப் போட்டால் இரண்டு கால் அகலமாக ஊன்றும். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். செயின் இறுக்க, பின் டயர் கழற்ற, பின் பிரேக் துடைக்க வேறு ஜாக்கியே வேண்டாம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். கால் தேய்ந்திருந்தால் ஒட்டுப் போடச் சொல்லுங்கள். புது ஜாக்கி வாங்குவதைவிட இது மலிவு.

மண் தரையில் நிறுத்தினால் ஸ்டாண்டு புதையும். அடியில் தடித்த பலகை ஒன்று போடுங்கள்.

எந்த வண்டிக்கு எது?

நடு ஸ்டாண்டு இல்லாத வண்டிகளும் இருக்கின்றன. முன் சக்கரத்தைக் கழற்றவும் தனியாக ஒன்று தேவைப்படும். கடையில் கிடைப்பவை இவை.

பேடாக் ஸ்டாண்டு: பின் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கும். நடு ஸ்டாண்டு இல்லாத வண்டிக்குச் செயின் வேலை செய்ய நல்லது. தூக்கும்போது வண்டியை நிமிர்த்திப் பிடிக்க இன்னொரு ஆள் இருந்தால்தான் பத்திரம்.

கத்திரி ஜாக்கி: மேலே அகலமான தட்டு இருக்கும், திருகினால் உயரும். முன் சக்கரம் கழற்ற நினைக்கும் கப்சாய்க்காரருக்கு இதுவே போதும். பின்னால் நடு ஸ்டாண்டும் முன்னால் இந்த ஜாக்கியுமாக நின்றால் வண்டி ஆடாது.

எண்ணெய் ஜாக்கி: காலால் மிதித்தால் இரண்டு நீளக் கைகள் மேலே வரும். அடிப்பக்கம் சமமாக உள்ள பெரிய வண்டிக்குத்தான் இது பொருந்தும். கப்சாயின் அடியில் எஞ்சினும் எக்ஸாஸ்ட் குழாயும் தொங்குவதால் சரியாக உட்காராது.

மேசை லிப்ட்: வண்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கும். அது பட்டறைக்கு. நம் அஞ்சடிக்கு வேண்டாம்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

'எத்தனை டன் தூக்கும்?' என்று கேட்டு ஏமாறாதீர்கள். கப்சாயின் எடை ஏறக்குறைய 100 கிலோதான். பாரம் தாங்காமல் விழுவது குறைவு. அகலம் போதாமல் சாய்வதுதான் அதிகம். ஆகவே மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, அடிப்பாகமும் மேல் தட்டும் அகலமாக இருக்கிறதா? இரண்டு, முழுக்க இறக்கிய நிலையில் அது வண்டிக்கு அடியில் நுழையுமா? கடைக்குப் போகுமுன் தரைக்கும் எஞ்சின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்று, எண்ணெய் ஜாக்கியானால், தூக்கியபின் மாட்டிவிடும் பூட்டு இருக்கிறதா? உள்ளே ரப்பர் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து வண்டி மெல்ல மெல்ல இறங்கிவிடும்.

தனியாக வாங்க வசதியில்லையென்றால் நாலைந்து வீடு சேர்ந்து ஒன்று வாங்கி வையுங்கள். தினமும் தேவைப்படும் சாமான் அல்லவே!

தூக்குமுன்பும் தூக்கியபின்பும்

இறுகிய நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே முதலில் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். தூக்கியபின் எக்கி இழுத்ததுதான் நாம் செய்த தவறு.

முன் பிரேக்கைப் பிடித்து, பழைய டியூப் ரப்பரால் கட்டிவிடுங்கள். வண்டி முன்னே உருளாது.

ஜாக்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பலகை வையுங்கள். எண்ணெய் இறக்கும் நட்டின் மேலோ எக்ஸாஸ்ட் குழாயின் மேலோ பாரம் ஏறக்கூடாது. எஞ்சின் அடி அலுமினிய வார்ப்பு. விரிசல் விட்டால் செலவு பெரிது.

இன்னொன்று. பின் சக்கரத்தைத் தூக்கி, கியர் போட்டு, எஞ்சின் ஓட ஓட செயினில் துணியைப் பிடித்துத் துடைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. துணி மாட்டினால் விரலையும் பல்சக்கரத்துக்குள் இழுத்துவிடும். பால் வெட்டுகிறவருக்கும் குலை அறுக்கிறவருக்கும் விரல்தானே சொத்து! எஞ்சினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றித் துடையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முடியும்வரை பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். "அம்மாகிட்டப் போ" என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்?

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நம் நடு ஸ்டாண்டு இப்போது வண்டியில் இருக்கிறது. நசுங்கிய தட்டை மட்டும் தூக்கி எறியாமல், ஸ்பேனர் வைக்கும் பெட்டிக்கு மேலேயே வைத்திருக்கிறோம். பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதலில் அதைத்தான் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.