பெட்டியைத் திறந்தால் – 9: இன்று தெரியும், நாளை தெரியாது

அடியோடு செத்த ஹார்டு டிஸ்கில் குழப்பம் இல்லை. எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்து என்ன என்று யோசிப்போம். ஆபத்தானது வந்து வந்து மறைகிற டிஸ்க்தான். காலையில் கணினியைப் போட்டால் டிஸ்கே இல்லை என்கிறது பயாஸ். அணைத்துப் போட்டால் வந்துவிடுகிறது. இரண்டு வாரம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு ஒரு நாள், பாதி வேலையில் ‘டி’ டிரைவ் காணாமல் போகிறது. பெட்டியைத் திறந்து கேபிளைக் கழற்றி மாட்டுகிறார்கள். சரியாகிவிட்டது என்று மூடிவிடுகிறார்கள்.

கழற்றி மாட்டியதால் உண்மையில் நடந்தது என்ன? தொடுமுனைகளில் படிந்த அழுக்கும் ஆக்சைடும் உராய்வில் கொஞ்சம் விலகின. அவ்வளவுதான். தொடுமுனையைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய உலோகப் பிடிப்பு தளர்ந்திருந்தால், இன்னும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பெட்டிக்குள் ஓடும் சாதாரண சாட்டா கேபிளின் இணைப்பு 50 முறை மாட்டிக் கழற்றுவதற்கென வடிவமைக்கப்பட்டது. அடிக்கடி கை வைப்பதற்கான பொருளே அல்ல அது.

டிஸ்க் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தைக் கோப்புகளைக் காப்பாற்றவே செலவிட வேண்டும். சோதனையெல்லாம் அப்புறம். மறுபடி உருவாக்க முடியாதவை முதலில்: குடும்பப் படங்கள், கணக்குகள், எழுதிக்கொண்டிருக்கும் வேலை. சினிமாவும் மென்பொருளும் கடைசியில் போகட்டும். டிஸ்க் தெரிந்தவுடன் ‘செக்டிஸ்க்’ ஓட்டும் வழக்கம் பலருக்கு உண்டு. அதை வன்மையாக மறுக்கிறேன். அது கோப்பு அமைப்பைத் திருத்தி எழுதும் கருவி. நடுவில் இணைப்பு அறுந்தால், நன்றாக இருந்த அடைவும் குலையும்.

நகல் எடுக்கும்போதே டிஸ்க் திணறினால் லினக்ஸில் இயங்கும் ‘குனு டிடிரெஸ்க்யூ’வை நம்பலாம். எந்தப் பகுதியைப் படித்தாயிற்று, எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் அது குறித்துக்கொண்டே போகும். டிஸ்க் மறைந்தால் நிறுத்திவிட்டு, திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலில் எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை வாரி எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளிடம் பின்னர் வரும். வந்து மறையும் டிஸ்குக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் அறியேன். நகல் போய்ச் சேரும் டிஸ்க் பெரியதாகவும் காலியாகவும் இருக்க வேண்டும். ஏனென்றால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

நகல் கைக்கு வந்த பிறகுதான் விசாரணை. முறைக்காய்ச்சல் கண்டவரிடம் ‘எப்போது வருகிறது?’ என்று வைத்தியர் கேட்பதுபோல இங்கேயும் அதுவே முதல் கேள்வி. மேசையை நகர்த்தினால் மறைகிறதா? இணைப்பைச் சந்தேகியுங்கள். அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு மறைகிறதா? டிஸ்கின் அடியில் இருக்கும் போர்டிலோ மதர்போர்டிலோ ஒரு சிப்போ ஈயப்பற்றோ பலவீனமாக இருக்கலாம். காலையில் முதல் முறை மட்டும் தெரியாமல், மறுமுறை போட்டதும் தெரிகிறதா? மின்சாரத்தைப் பாருங்கள். மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் கம்பியிலிருந்து சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். கெப்பாசிட்டர் உப்பிய பழைய எஸ்எம்பிஎஸ் அந்த நேரத்தில்தான் தடுமாறும். ஒரே மின்கம்பியைப் பிரித்துப் பல டிஸ்குகளுக்குக் கொடுத்திருந்தாலும் இதே கதைதான். கையடக்க டிஸ்க் என்றால், யுஎஸ்பி 2.0 போர்ட் தருவதாக ஒப்புக்கொள்வது 500 மில்லி ஆம்பியர் மட்டுமே. நீளமான மலிவு கேபிள் அதிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

டிஸ்கே தரும் வாக்குமூலம் ஒன்று உண்டு: ஸ்மார்ட் பதிவுகள். ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச நிரலில் பார்க்கலாம். 199 என்ற எண்ணுள்ள பதிவு, அந்த நிரலில் ‘சி7’ என்று வரும். அது கேபிள் வழியே போன தரவு சிதைந்து சேர்ந்த தடவைகளின் கணக்கு. பழைய கணக்கு அழியாது. கேபிளை மாற்றிய பிறகும் கூடுகிறதா என்பதே கேள்வி. கூடவில்லை என்றால் குற்றவாளி கேபிள். கேபிள், போர்ட், மின்கம்பி என்று ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் கணினி ஓடலாம், காரணம் தெரியாது.

போர்ட்டை மாற்றிப் பார்க்கச் சொன்னால் சிலர் அலட்சியப்படுத்துகிறார்கள். 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் நிறுவனம், சாண்டி பிரிட்ஜ் பிராசசர்களுக்கான தன் 6 சீரிஸ் சிப்செட் வடிவமைப்பில் பிழை இருப்பதாக அறிவித்து, அனுப்புவதையே நிறுத்தியது. சிப்பில் ஆறு சாட்டா போர்ட்டுகள். வேகமான முதல் இரண்டும் நலம். மற்ற நான்குக்கும் கடிகாரத் துடிப்பு தரும் சுற்றில் ஒரு டிரான்சிஸ்டர் நாளாக ஆக மின்கசிவு கண்டு, அந்த போர்ட்டுகள் மெல்ல மெல்லத் தேயக்கூடும் என்றது. பழுது பார்க்கவும் மாற்றித் தரவும் சுமார் 70 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டது. மூன்றாவது போர்ட்டில் தன் டிஸ்கை மாட்டியிருந்த ஒருவர், ஓராண்டு கழித்துப் பிழைகள் வரத் தொடங்கினால் எதைக் குறை சொல்லியிருப்பார்? டிஸ்கைத்தான்.

டிஸ்க் பக்கமும் பிழை உண்டு, அதுவும் எதிர்பாராத இடத்தில். 2009-இன் தொடக்கத்தில் சீகேட் பாரகுடா 7200.11 வரிசை டிஸ்குகள் பலருக்குக் கணினியைப் போடும்போது திடீரென்று தெரியாமல் போயின. தட்டும் ஹெட்டும் நலம், தரவும் நலம். உள் நிரல் தன் நிகழ்வுக் குறிப்பேட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்து நிற்கும்போது மின்சாரம் நின்றால், அடுத்த முறை எழும்போது டிஸ்க் பூட்டிக்கொண்டது. நிறுவனம் திருத்திய நிரலை வெளியிட்டது. டிஸ்க் செத்துவிட்டதென்று தூக்கிப் போட்டவர்களின் தரவு குப்பைக்குப் போனது.

டிக் டிக்கென்று தட்டும் சத்தம் வந்தால் மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே அணைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைக்கும் யோசனையைக் கேட்காதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும். மூடியைத் திறக்காதீர்கள், ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். அதே மாடல் டிஸ்கிலிருந்து போர்டைக் கழற்றி மாட்டுவதும் இக்காலத்து டிஸ்குகளில் அப்படியே பலிக்காது. அந்தந்த டிஸ்குக்கென்று தொழிற்சாலையில் அளந்து எழுதிய அளவுகள் பழைய போர்டின் சிப்பில் இருக்கும். அதையும் பெயர்த்து வைக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கேபிளையோ எஸ்எம்பிஎஸ்ஸையோ மாற்றிச் சரியானால், ஒரு மாதம் 199-ஐயும், அதோடு 5, 197 பதிவுகளையும் குறித்து வாருங்கள். பின்னவை இரண்டும் தட்டிலேயே கெட்ட இடங்களைச் சொல்பவை. அவை ஏறிக்கொண்டே போனால் கேபிளுக்குச் சம்பந்தம் இல்லை. அந்த டிஸ்கில் முக்கியமான கோப்பு எதையும் இனி வைக்காதீர்கள்.

(தொடரும்)