உஷார்! ஜனவரி வருகிறது, உங்கள் பாதி நாவல் பத்திரம்

இன்னும் சில வாரங்களில் ஃபேஸ்புக்கில் அந்த அறிவிப்புகள் வரிசைகட்டி வரத் தொடங்கிவிடும். ‘இந்த வருஷம் ஒரு நாவல், பன்னிரண்டு சிறுகதை.’ ‘தினம் ஆயிரம் வார்த்தை, 365 நாளும்.’ ‘அடுத்த கண்காட்சிக்குள் முதல் புத்தகம்.’ கீழே வாழ்த்துகள் குவியும். எழுதும் ஆசை உள்ள யாராலும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நீங்களும் புது நோட்டு ஒன்று வாங்குவீர்கள், முதல் பக்கத்தில் ஆண்டை எழுதி அடிக்கோடு இடுவீர்கள். அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். போன வருஷம் பாதியில் விட்ட கதை இப்போது எங்கே இருக்கிறது? எந்த ஃபைலில், எந்த அலமாரியில்? கடைசியாக எழுதிய காட்சி எது என்று உடனே சொல்ல முடிகிறதா?

சொல்ல முடியவில்லை என்றால் உஷாராக வேண்டிய நேரம் இது.

வைத்த இலக்கை எட்டாமல் போவதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. பன்னிரண்டு கதை என்று சொல்லி நான்கு எழுதியவருக்கு நான்கு கதை மிச்சம். என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. புது இலக்கு வைக்கப்படும் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு பழைய கைப்பிரதி ஓசையில்லாமல் கைவிடப்படுகிறது. தை மாதத்தில் ஒரு நாவல் தொடங்கும். பங்குனிக்குள் நாற்பது, ஐம்பது பக்கம் ஆகும். ஆடி வரும்போது தேங்கி நிற்கும். கார்த்திகையில் குற்ற உணர்ச்சி. மறுபடி தை, மறுபடி வேறொரு நாவல். ஐந்து வருஷம் இப்படிப் போனால் கையில் இருப்பவை ஐந்து தொடக்கங்கள். தொடங்குவதை ஐந்து முறை பழகியவர், முடிப்பதை ஒரு முறைகூடப் பழகியிருக்க மாட்டார். நடுப்பகுதியைக் கடப்பது எப்படி என்பதை நடுப்பகுதிக்குள் போய்த்தான் கற்க முடியும். அதற்குப் பயிற்சிப் பட்டறை கிடையாது.

புது வருஷம் பிறந்ததும் மனசு ஏன் இப்படித் தாவுகிறது என்று ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவர் 2014ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆண்டு, மாதம், வாரம், பிறந்தநாள் என்று காலத்தில் ஒரு கோடு விழும்போதெல்லாம் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்களும் இணையத்தில் உணவுக் கட்டுப்பாடு பற்றித் தேடுகிறவர்களும் அதிகமாகிறார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்த சொதப்பல்களையெல்லாம் பழைய ஆள் செய்தவை என்று மனசு ஒதுக்கிவிடுவதால் புது உற்சாகம் வருகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். எடையைக் குறைக்க நினைப்பவருக்கு இது வரம்தான். நாவல் எழுதுகிறவருக்கு இதே மனநிலை வினையாகிறது. பழைய ஆள் செய்த தவறுகளோடு அவர் எழுதிய எழுபது பக்கங்களும் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன.

அந்த எழுபதாவது பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உண்மையான சறுக்கல் அங்கேதான். முதல் நாற்பது ஐம்பது பக்கங்களை நாம் பல வருஷங்களாக மனசுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறோம். பாட்டி வீட்டுத் திண்ணை, தெருமுனை டீக்கடை, பள்ளி நாட்களின் ஒரு சாவு, அந்த ஊரின் பேச்சு. இவையெல்லாம் பேனாவைத் தொட்டதும் கொட்டும். ‘எழுத்து ஓடுது’ என்று சொல்லும் பருவம் இது. சேர்த்து வைத்தது தீர்ந்ததும் பாத்திரங்கள் நமக்குத் தெரியாத ஒன்றைச் செய்தாக வேண்டும். அந்தப் பெண் வீட்டை விட்டுப் போவாளா, மாட்டாளா? போனால் அப்பா என்ன செய்வார்? முன்பே எழுதிய மூன்றாம் அத்தியாயம் அதற்கு இடம் கொடுக்குமா? இனி ஒவ்வொரு பக்கத்திலும் முடிவெடுக்க வேண்டும், எடுக்கும் ஒவ்வொரு முடிவும் முன்னால் எழுதியதைக் கலைக்கும். வேகம் குறையும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு பத்தி தேறாது. சரியாக அந்த வாரத்தில்தான் வேறொரு நாவலுக்கான கரு பளிச்சென்று வரும். அது இதைவிட ஆழமானதாகத் தெரியும், புதுமையாகத் தெரியும், தலைப்பு உட்பட முழுசாக வந்து நிற்கும். நம்பிவிடாதீர்கள். அதன் எழுபதாவது பக்கத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை, அதனால்தான் அவ்வளவு அழகாக இருக்கிறது. ஒரு தாளில் ஐந்து வரியில் குறித்து வைத்துவிட்டுப் பழைய பிரதிக்கே திரும்புங்கள்.

கேட்டதுமே எச்சரிக்கையாக வேண்டிய வாசகங்கள் சில உண்டு. ‘மனசுக்குள்ள முடிஞ்சிடுச்சு, எழுதுறதுதான் பாக்கி.’ ‘ரெண்டு சாப்டர்தான், இந்தக் கண்காட்சிக்கு வந்துடும்.’ ‘இன்னும் கொஞ்சம் தரவு சேகரிக்கணும்.’ இலக்கியக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் இடங்களில் பல வருஷங்களாக இவற்றைக் கேட்டு வருகிறேன். சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அந்த நேரத்தில் மனப்பூர்வமாக நம்பித்தான் சொல்கிறார்கள். அதுதான் இதிலுள்ள ஆபத்து.

இந்த நம்பிக்கை எவ்வளவு வலுவானது என்பதற்கு டேனியல் கானமன் தன் வாழ்க்கையிலிருந்தே ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் அவர். இஸ்ரேலில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு பாடநூல் தயாரிக்கும் குழுவில் இருந்தார். எப்போது முடியும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதச் சொன்னபோது எல்லோரும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு என்றே எழுதினார்கள். குழுவில் பாடத்திட்டத் துறையில் பழுத்த அனுபவம் உள்ள சீமோர் ஃபாக்ஸ் என்பவரும் இருந்தார். இதுபோன்ற மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று கானமன் அவரைக் கேட்டார். அவர் யோசித்துவிட்டுச் சொன்ன பதில் எல்லோரையும் திடுக்கிட வைத்தது. சுமார் 40 சதவீதக் குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்த குழுக்களில் எதுவும் ஏழு ஆண்டுக்குக் குறைவாக முடிக்கவில்லை. இந்த விவரம் முழுக்கத் தெரிந்த அவரே சற்று முன்னால் தன் தாளில் மற்றவர்களைப் போல்தான் எழுதியிருந்தார்! அந்தப் பாடநூல் முடிய எட்டு ஆண்டு ஆனது. அதற்குள் அதைக் கேட்டவர்களுக்கே ஆர்வம் போய்விட்டது, நூல் பயன்படுத்தப்படவே இல்லை.

கானமனும் அவருடைய சக ஆய்வாளர் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லேயே இந்தத் தவறான கணிப்பைப் பற்றி எழுதிவிட்டார்கள். 1994ல் கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். மாணவர்கள் சொன்ன சராசரிக் கணிப்பு 34 நாள். எல்லாமே தப்பாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குச் சராசரியாக 49 நாள் என்றார்கள். ஆனதோ ஏறத்தாழ 56 நாள். நாம் அஞ்சும் மோசமான நிலைமையைக்கூடக் குறைத்தே கணக்கிடுகிறோம். இது ஆசிரியர் மேற்பார்வையும் சமர்ப்பிக்கும் தேதியும் உள்ள வேலையில் கிடைத்த கணக்கு. யாரும் கேட்காத நாவலுக்கு எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே இலக்கு வைப்பதற்கு முன்னால் போன மூன்று வருஷத்தில் உண்மையாக முடித்தது என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று வருஷத்தில் இரண்டு கதை முடித்தவர் இந்த வருஷம் பன்னிரண்டு என்று எழுதினால், எட்டாத இலக்கு ஒன்றை இப்போதே தயார் செய்கிறார் என்றுதான் அர்த்தம்.

வார்த்தைக் கணக்கு இன்னொரு பொறி. 1999ல் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருபத்தொரு பேர் சேர்ந்து ஒரே மாதத்தில் நாவல் எழுதிப் பார்த்தார்கள். அது பின்னர் ‘நானோரைமோ’ என்ற உலகளாவிய இயக்கமானது. நவம்பரின் 30 நாளில் 50,000 வார்த்தை, அதாவது நாளுக்கு 1,667. அமைப்பு 2025ல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அந்தக் கணக்கு இன்னும் பலர் மனதில் இலக்காக உட்கார்ந்திருக்கிறது. அது ஆங்கிலத்துக்கான கணக்கு. வேற்றுமை உருபு, காலம், துணைவினை எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நிற்கும் மொழி நம்முடையது. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதும் வார்த்தைக் கணக்கில் ஒன்றுதான். ஆங்கிலக் கணக்கை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொண்டவர் தெரியாமலே கூடுதல் சுமையைத் தூக்குகிறார், தினமும் தோற்றதாகவும் நினைத்துக்கொள்கிறார். அதைவிடக் கெடுதல், எண்ணிக்கையை நிரப்ப எழுதும் பழக்கம். தேவையில்லாத வர்ணனையும் இழுத்தடிக்கும் உரையாடலும் அன்றைய கோட்டாவை நிரப்பிவிடும், ஆனால் கதை நின்ற இடத்திலேயே நிற்கும்.

அறிவிப்பு விஷயத்திலும் உஷார். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் உடன் ஆய்வாளர்களும் 2009ல் வெளியிட்ட சோதனைகளில், வழக்கறிஞராகியே தீர வேண்டும் என்று உறுதியோடிருந்த சட்ட மாணவர்கள் கலந்துகொண்டார்கள். தங்கள் நோக்கத்தை இன்னொருவர் படித்து அறிந்துகொண்டார் என்று தெரிந்தவர்கள், பிறகு அதற்கான வேலையில் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே செலவிட்டார்கள். ‘நாவலாசிரியர்’ என்ற அங்கீகாரம் வாழ்த்துகளிலேயே கொஞ்சம் கிடைத்துவிடுகிறது, நாவல் எழுதும் பசி அந்த அளவுக்கு அடங்கிவிடுகிறது. முதல் வரைவு முடியும்வரை அட்டைப்படம் போடாதீர்கள், தலைப்பை வெளியிடாதீர்கள். ஒரே ஒரு நண்பரிடம் சொல்லுங்கள். அவர் வாழ்த்துகிறவராக இல்லாமல், ‘ஆறாம் அத்தியாயம் எங்கே?’ என்று கேட்கிறவராக இருக்கட்டும்.

சென்னைப் புத்தகக் கண்காட்சியை எழுதி முடிக்கும் கெடுவாக வைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. வாசகர்கள் திரளும் இடம், ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் டிசம்பரில் அச்சகங்களில் நெருக்கடி. மெய்ப்பு பார்ப்பவருக்குக் கைப்பிரதி வந்து சேரும்போதே அட்டை அச்சாகிக்கொண்டிருக்கும். கடைசி மூன்று அத்தியாயங்கள் மட்டும் மூச்சிரைக்க ஓடி முடியும் நாவல்கள் இப்படித்தான் உருவாகின்றன. இரண்டு வருஷம் உழைத்த பிரதியைக் கடைசி இரண்டு வாரத்தில் கெடுத்துவிடுவது எவ்வளவு கொடுமை! இந்த அவசரத்தைப் பணமாக்கவும் ஆட்கள் உண்டு. பணம் கட்டினால் கண்காட்சிக்குள் புத்தகம் என்று யாராவது சொன்னால், காசைக் கொடுக்கும் முன் எழுத்தில் கேளுங்கள். எத்தனை பிரதி அச்சாகும்? மெய்ப்பு பார்ப்பது யார்? உரிமை யாரிடம் இருக்கும்? எந்தக் கடைகளில் கிடைக்கும்? தெளிவான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த ஜனவரியிலும் கண்காட்சி நடக்கும்.

நம் மொழியில் பெரிய படைப்புகள் முடிந்த விதத்தைப் பாருங்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. கல்கிக்கு அந்த வாரத்து அத்தியாயம்தான் கெடு. உ.வே.சாமிநாதையர் தன் ‘என் சரித்திரம்’ தொடரை 1940ல் ஆனந்த விகடனில் தொடங்கியபோது 85 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1942ல் அவர் மறைந்தபோது சரித்திரம் முடிந்திருக்கவில்லை. ஆனாலும் நம் கையில் ஒரு பெருநூல் இருக்கிறது. அத்தியாயங்களை முடித்து முடித்துக் கொடுத்து வந்ததால் கிடைத்த செல்வம் அது. ஜனவரி முதல் தேதியில் தொடங்கி வென்ற எடுத்துக்காட்டே இல்லையா என்றால், இருக்கிறது. ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று ‘வெண்முரசு’ தொடங்கி 2020ல் 26 நாவல்களாக முடித்தார். தினமும் ஒரு பகுதி வெளியாக வேண்டும் என்ற கட்டாயம் ஒரு பக்கம், அதற்கு முன்பே பல பெரிய நாவல்களை முடித்திருந்த கை மறுபக்கம். அவருடைய தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் பலிக்காது.

விட்ட இடத்துக்குத் திரும்ப முடியுமா என்ற தயக்கம் வேண்டாம். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ சரஸ்வதி இதழில் தொடராக வரத் தொடங்கி இடையில் நின்றுபோனது. பல ஆண்டு கழித்து, 1966ல் முழு நாவலாக வந்தது. தொடரோடு போகட்டும் என்று அவர் விட்டிருந்தால் நமக்கு அந்த நாவலே இல்லை.

எல்லாப் பாதிப் பிரதியையும் முடித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. சில கதைகளுக்கு உயிர் இருக்காது. ஆனால் அதை நீங்கள் முழுசாகப் படித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், நாட்காட்டி முடிவு செய்யக் கூடாது. டிசம்பர் மீதமிருக்கும்போதே அந்த எழுபது பக்கத்தையும் அச்செடுங்கள். கையில் பேனா இல்லாமல் ஒரே மூச்சில் படியுங்கள், திருத்த உட்கார்ந்தால் முதல் அத்தியாயத்தைத் தாண்ட மாட்டீர்கள். படித்து முடித்ததும் அடுத்து நடக்க வேண்டிய காட்சி எது என்று மூன்று வரி எழுதுங்கள். மூன்று வரி வந்துவிட்டால் கதைக்கு உயிர் இருக்கிறது. புது வருஷத்தில் ஞாயிறுதோறும் ஒரு காட்சி போதும், அதை அந்த ஒரே நண்பருக்கு இரவுக்குள் அனுப்பிவிட வேண்டும். பிரதி போனில் மட்டும் இருந்தால் இன்றைக்கே இன்னொரு இடத்திலும் நகல் வையுங்கள். புது நோட்டு வாங்கியே தீருவேன் என்றால் வாங்குங்கள், அதன் முதல் பக்கத்தில் எழுபத்தொன்று என்று எண் போட்டுத் தொடங்குங்கள்.