தாண்டிக்குதி... தலைகீழா குதி!

எங்க ஊர் தாண்டிக்குடி. பழனி மலையில காபியும் மிளகும் விளையுற ஊர். முருகன் இங்கே நின்னு பழனிக்குத் தாண்டிக் குதிச்சாராம். அந்தத் 'தாண்டிக்குதி'தான் பேச்சு வழக்குல தாண்டிக்குடி ஆயிடுச்சுன்னு எங்க அப்பத்தா சொல்லும். அப்படிப்பட்ட ஊர்ல பிறந்த நான், மூணு வருஷமா ஒரு குடை ராட்டினத்துல கூட ஏறலை. பயம் பாஸ்!

காரணம் இருக்கு. ப்ளஸ் டூ படிக்கிறப்போ மலைக்குக் கீழே ஒரு ஊர்ல திருவிழா. ஜயன்ட் வீல் வரிசையில நிக்கிறேன். மேலேருந்து 'டங்'குனு ஒரு போல்ட் என் காலடியில விழுந்தது. கட்டை விரல் தண்டி இருக்கும். எடுத்து ராட்டினக்காரர்கிட்ட கொடுத்தேன். வாங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டு, "ஒண்ணும் ஆகாது தம்பி, ஏறு"ன்னார். நான் ஏறலை. ஆனா எனக்கு முன்னாடி நின்ன குடும்பம் ஏறிடுச்சு. அவங்க இறங்குற வரைக்கும் அங்கேயே நின்னேன்.

அந்த போல்ட் எங்கே இருந்திருக்கணும்? அதை யார் பார்த்திருக்கணும்? இந்தக் கேள்விதான் என்னை மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் பக்கம் தள்ளிச்சுன்னு சொன்னா நண்பர்கள் சிரிக்கிறாங்க. அவங்கதான் இந்த செமஸ்டர் லீவுல என்னைத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. எங்கேன்னு கேட்கறீங்களா? சென்னை, திருப்போரூர் பக்கம், 2025 டிசம்பர்ல திறந்த வொண்டர்லாவுக்கு!

தலைக்கு மேலே தண்டவாளம்

அங்கேதான் நிக்குது 'தஞ்சோரா'. சாதாரண ரோலர் கோஸ்டர்ல நாம தண்டவாளத்துக்கு மேலே உட்கார்ந்து போவோம். இது 'இன்வர்ட்டட்' வகை. தண்டவாளம் தலைக்கு மேலே, நாம கீழே தொங்குறோம். காலுக்கு அடியில தரை கிடையாது. 1992-ல அமெரிக்காவின் சிகாகோ பக்கம் 'பேட்மேன் தி ரைடு'ங்கிற பேர்ல இந்த வகையை முதல்ல கொண்டுவந்தது சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபிலார்ட் நிறுவனம். செல்லமா 'பி அண்ட் எம்'. அவங்க கட்டின இன்வர்ட்டட் கோஸ்டர் இந்தியாவுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

வரிசையில நிக்கிறப்போ வயித்துக்குள்ள பட்டாம்பூச்சி இல்லீங்க, பருந்தே பறந்தது. பயத்தை மறக்க ஒரே வழி... படிச்சதை ஞாபகப்படுத்திக்கிட்டேன்.

முதல் விஷயம், விழுமா? ஒவ்வொரு இடத்திலும் மூணு செட் சக்கரம். ஒண்ணு எடையைத் தாங்குறது, ஒண்ணு பக்கவாட்டுல பிடிக்கிறது, இன்னொண்ணு எதிர்ப் பக்கத்துல இருந்து கவ்வுறது. ஸ்டீல் குழாயை மூணு பக்கமும் பிடிச்சுக்கிட்டா, தலைகீழா நின்னாலும் வண்டி கழண்டு விழாது. 1959-ல டிஸ்னிலேண்டின் 'மேட்டர்ஹார்ன்' முதன்முதலா ஸ்டீல் குழாயைத் தண்டவாளமாக்கிச்சு. மரத்துல முடியாத முறுக்கெல்லாம் அதுக்கப்புறம்தான் வந்தது.

ரெண்டாவது, முட்டுமா? தண்டவாளத்தை 'பிளாக்'குனு பல துண்டாப் பிரிச்சிருப்பாங்க. ஒரு பிளாக்ல ஒரு ரயில்தான். முன்னாடி போன ரயில் அடுத்த பிளாக்கைக் காலி பண்ணாத வரைக்கும் பின்னாடி வர்றதுக்கு வழி கிடையாது. இப்ப வர்ற பல கோஸ்டர்கள்ல பிரேக்கும் காந்தம்தான். கரன்ட் போனாலும் அது வேலை செய்யும்.

வட்டம் போடாதே மச்சி!

இப்போ நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருவோம். கோஸ்டர் போடுற 'லூப்'பை உத்துப் பாருங்க. அது முழு வட்டமே இல்லை. கண்ணீர்த் துளி மாதிரி இருக்கும். ஏன்?

1895-ல நியூயார்க் கோனி ஐலண்ட்ல ஒரு முழு வட்ட லூப் கட்டினாங்க. பேரு 'ஃபிளிப் ஃபிளாப்'. ஏறினவங்க கழுத்து வலியோட இறங்கினாங்க. கணக்கு எளிது. முழு வட்டத்துல, உச்சியில வண்டி விழாம இருக்கிற அளவுக்கு வேகம் வெச்சாலே, கீழே நுழையுற இடத்துல நம்ம எடை 6 மடங்கா அழுத்தும். 60 கிலோ ஆளுக்கு 360 கிலோ! அதுவும் படிப்படியா இல்லை, படக்குனு.

1976-ல கலிஃபோர்னியாவின் 'ரெவல்யூஷன்' கோஸ்டர்ல ஜெர்மன் இன்ஜினீயர் வெர்னர் ஸ்டெங்கல் இதுக்கு வழி கண்டுபிடிச்சார். கீழே அகலமா ஆரம்பிச்சு, மேலே போகப் போக இறுகுற வளைவு. பேரு 'கிளோத்தாய்டு'. ரயில் பாதையிலும் ஹைவேஸ்லயும் நேர் ரோட்டிலிருந்து வளைவுக்குள்ள நுழையுற இடத்துல போடுறதும் இதே வளைவுதான். எங்க ஊர் பஸ் கொண்டை ஊசி வளைவுல திரும்புறப்போ ஏன் பக்கத்து சீட் ஆள் மடியில போய் விழுறோம்னு இப்பத்தான் புரிஞ்சது. அங்கே மலை விட்ட இடத்துலதானே ரோடு போட முடியும்!

மலையிலிருந்து குதிக்கிற ரயில்

மலைன்னதும் உலக சாதனை ஞாபகம் வருது. சவூதி அரேபியாவின் கிடியா நகர்ல 2025 டிசம்பர் கடைசியில திறந்த 'ஃபால்கன்ஸ் ஃப்ளைட்', ஒரு நிஜ மலை விளிம்புல ஏறி அங்கேருந்து குதிக்குது. வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர். நீளம் 4,250 மீட்டர். இதுக்கு முன்னாடி வேகத்துல ராஜா, அபுதாபியின் 'ஃபார்முலா ரோசா' (2010, மணிக்கு 240 கி.மீ.). நீளத்துல ஜப்பானின் 'ஸ்டீல் டிராகன் 2000' (2,479 மீட்டர்). உயரத்துல அமெரிக்காவின் 139 மீட்டர் 'கிங்டா கா'. அது 2024-ல மூடப்பட்டு, 2025 பிப்ரவரியில வெடி வெச்சுத் தகர்க்கப்பட்டது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். சும்மா விழுந்தே 250 வேகம் வரணும்னா, காத்துத் தடையே இல்லைன்னு வெச்சுக்கிட்டாலும் 246 மீட்டர் உயரத்துலேருந்து விழணும். அதனாலதான் மலை மட்டும் போதாதுன்னு, தண்டவாளத்துலயே மின்காந்த மோட்டார் வெச்சு ரயிலைத் தள்ளுறாங்க.

அந்த ஒரு இழுப்பு

என் முறை வந்தது. தோள் மேல தடுப்பு இறங்கிச்சு. பணியாளர் ஒருத்தர் வரிசையா வந்து, ஒவ்வொருத்தர் தடுப்பையும் கையால இழுத்துப் பார்த்தார். எனக்கும் ஒரு இழுப்பு. அவ்வளவுதாங்க... மூணு வருஷப் பயத்துல பாதி அந்த ஒரு இழுப்புல போயிடுச்சு.

மீதிப் பாதி? மேலே ஏறி, ஒரு நொடி நின்ன மாதிரி இருந்து, அப்படியே விழுந்தப்போ திரும்பி வந்துடுச்சு! கால் ஒரு பக்கம், வானம் ஒரு பக்கம். கத்தினேன். நடுவுல எங்கேயோ சிரிக்க ஆரம்பிச்சிருந்தேன். இறங்கினதும் மறுபடி வரிசைக்கு ஓடினது நான்தான்.

ஊருக்கு வந்து மாமாகிட்ட கதையைச் சொன்னேன். மாமா பெரும்பாறை வழியா வத்தலக்குண்டுக்கு பஸ் ஓட்டுறவர். கிளோத்தாய்டு, 6 மடங்கு எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டார்.

"அது சரி மாப்ள, காலையில முதல் டிரிப்புக்கு முன்னாடி யாரு பார்ப்பாங்க?"

"ஆள் ஏத்தாம வெறும் ரயிலை ஓட்டிப் பார்ப்பாங்க மாமா. தண்டவாளத்தைப் பார்க்கவும் தனியா ஆள் உண்டு."

"நானும் இருட்டோட எந்திரிச்சு ஒவ்வொரு டயரையும் கம்பியால தட்டி, பிரேக்கை மிதிச்சுப் பார்த்துட்டுத்தான் வண்டியை எடுக்குறேன். உள்ள உட்கார்ந்திருக்கிறவுகளுக்கு அது தெரியவா செய்யும்?"

தெரியாது. எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சது. 250 கிலோமீட்டர் வேகமும் உலக சாதனையும் நிக்கிறது இப்படி விடியற்காலையில தட்டிப் பார்க்கிற ஒரு ஆளோட கையிலதான். அந்த ஆள் இருந்தா பயம் ஜாலி. இல்லைன்னா சின்ன ராட்டினம் கூட ஆபத்து.

அதனால பாஸ், அடுத்த திருவிழாவுல ராட்டினம் ஏறுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "அண்ணே, காலையில செக் பண்ணீங்களா?" அவர் முறைச்சாலும் பரவாயில்லை. கேட்டுட்டு ஏறுங்க. ஏறிட்டா... நல்லாக் கத்துங்க!